தரவுத்தள இயக்கிகளில் சார்புப் பதிப்பு முரண்கள்: தோற்றமும் தீர்வுநெறிகளும்

ஆய்வுச் சுருக்கம்

தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் நிரல் ஒவ்வொன்றும் இயக்கி எனப்படும் இடைநிலை மென்பொருளின் வழியாகவே அதனை அணுகுகிறது. இயக்கி தானும் பிற நிரலகங்களைச் சார்ந்து நிற்பதால், ஒரே நிரலகத்தின் வெவ்வேறு பதிப்புகளை வெவ்வேறு கூறுகள் வேண்டும் நிலை எழுகிறது. இம்முரண் எவ்வாறு பிறக்கிறது, தொகுப்பு மேலாண்மைக் கருவிகள் அதனை எவ்வாறு கையாளுகின்றன, அக்கருவிகளின் பார்வைக்கு அகப்படாத முரண்கள் யாவை என்பவற்றைக் கசான்ட்ரா, போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல் ஆகிய தரவுத்தளங்களின் இயக்கிகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பிழைச்செய்தி எதுவுமின்றித் தரவைச் சிதைக்கவல்ல முரணுக்குத் தமிழ்ப் பின்னக் குறியீடுகள் சான்றாகக் காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தரவுத்தள இயக்கி, சார்பு நிரலகம், பதிப்பு முரண், மேவன், குவாவா, லிப்பிகியூ, ஒருங்குறி

1. முன்னுரை

கல்வெட்டுப் பதிவுகள், சொல்லடைவுகள், சுவடி விவரணைகள் முதலானவற்றைத் தரவுத்தளத்தில் சேமித்து ஆராயும் போக்கு இன்று பரவலாகியுள்ளது. அவ்வாறான திட்டங்களில் நிரல் எழுதுவோர் பெரும்பாலும் வினவல் மொழியிலும் தரவின் அமைப்பிலும் கருத்தைச் செலுத்துகின்றனர். இயக்கியை ஒருமுறை நிறுவியபின் மறந்துவிடுகின்றனர். இரண்டாண்டுகள் கழித்து அதே நிரலை வேறொரு கணினியில் இயக்க முற்படும்போதுதான் இயக்கி நினைவுக்கு வருகிறது. தரவு மாறவில்லை, நிரலும் மாறவில்லை. ஆயினும் நிரல் இயங்க மறுக்கிறது. அதனினும் கேடான நிலை, அது இயங்கி வேறொரு விடையைத் தருவது. ஆய்வு முடிபொன்றை மற்றொருவர் மீளச் செய்து சரிபார்க்க இயலவேண்டும் என்னும் நெறிக்கு இச்சிக்கல் நேரடியாக ஊறு விளைவிப்பது.

எல்லா மென்பொருள்களுக்கும் சார்புச் சிக்கல் உண்டு. இருப்பினும் இயக்கியின் நிலை தனித்தன்மை உடையது. ஏனைய நிரலகங்கள் தம்மை அழைக்கும் நிரலோடு மட்டும் இணங்கினால் போதும். இயக்கியோ ஒருபுறம் பயனரின் நிரலோடும் மறுபுறம் தொலைவிலுள்ள தரவுத்தள வழங்கனோடும் இணங்கவேண்டும். இவ்விரு புறங்களும் தத்தம் போக்கில், தத்தம் கால அட்டவணையில், ஒன்றையொன்று கேளாமல் மாறிக்கொண்டிருப்பவை. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் ஜாவா இயக்கி 2017இல் தன் பதிப்பெண்ணை 9.4 வரிசையிலிருந்து ஒரே தாவலில் 42 என மாற்றிக்கொண்டது இதனை ஒருவாறு உணர்த்தும். இயக்கியின் எண்ணும் வழங்கனின் எண்ணும் ஒத்திருந்ததால், இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை எனப் பயனர் மயங்கினர். அம்மயக்கத்தை நீக்கவே இத்தாவல் மேற்கொள்ளப்பட்டது.

2. முரண் பிறக்கும் முறை

ஒரு நிரல் அ, ஆ என்னும் இரு நிரலகங்களை நேரடியாகப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். அவ்விரண்டும் இ என்னும் மூன்றாவது நிரலகத்தைச் சார்ந்தவை. ஆனால் அ அதன் முதலாம் பதிப்பையும் ஆ அதன் இரண்டாம் பதிப்பையும் வேண்டுகின்றன. நிரலாசிரியர் இ என்பதன் பெயரையே அறியாதவராக இருக்கலாம். எனினும் அவரது நிரலுக்குள் எப்பதிப்பு இடம்பெறுவது என்பதை யாரேனும் முடிவுசெய்தாக வேண்டும். அம்முடிவைத் தொகுப்பு மேலாண்மைக் கருவி செய்கிறது. கருவிக்குக் கருவி அதன் விதி வேறுபடுகிறது.

ஜாவா உலகின் மேவன், சார்பு மரத்தில் வேருக்கு மிக அருகிலுள்ள பதிப்பைத் தேர்கிறது. இரண்டும் ஒரே ஆழத்தில் இருப்பின் முதலில் அறிவிக்கப்பட்டதே வெல்லும். பதிப்பு பழையதா புதியதா என்பது இவ்விதியின்படி பொருட்டே அன்று. கிரேடில் இதற்கு மாறாக, வேண்டப்பட்டவற்றுள் உயர்ந்த பதிப்பை இயல்பாகத் தேர்கிறது. பைத்தானின் பிப் கருவி 20.3ஆம் பதிப்புக்கு முன்புவரை முதலில் எதிர்ப்பட்டதை நிறுவி அமைந்தது. 2020இன் இறுதியில் வெளிவந்த அப்பதிப்பு முதல், எல்லா நிபந்தனைகளையும் நிறைவுசெய்யும் சேர்க்கையைப் பின்னோக்கிச் சென்று தேடுகிறது. கிடைக்காவிடில் நிறுவ மறுக்கிறது. பதிப்புத் தேர்வைப் பொதுநிலையில் நோக்கின் அது கணிப்பியலில் என்பி-முழுமை எனப்படும் கடின வகையைச் சேர்ந்த புதிர். எனவே சில வேளைகளில் பிப் நீண்டநேரம் தேடிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

நோடு சூழலின் என்பிஎம் வேறொரு வழியை மேற்கொள்கிறது. ஒரே நிரலகத்தின் பல படிகளை அது அருகருகே வாழவிடுகிறது. முரண் நீங்கியதுபோல் தோன்றினும், ஒரு படியில் பிறந்த பொருளை மறுபடி தன்னுடையதாக ஏற்பதில்லை. மாங்கோடிபி இயக்கியின் 5ஆம் வரிசை பிசன் நிரலகத்தின் 5ஆம் வரிசையையும், 6ஆம் வரிசை பிசன் 6ஐயும் சார்ந்தவை. ஒன்றில் உருவாக்கிய அடையாள எண்பொருளை மற்றதன் வினவலில் இட்டால், பிசன் பதிப்பு பொருந்தவில்லை என்னும் பிழை எழுகிறது. பிழையாக எழுந்து நிற்பது நன்மையே.

3. கசான்ட்ரா இயக்கியும் குவாவாவும்

பதிப்பு முரணின் பல முகங்களையும் ஒருங்கே காட்டும் சான்று கசான்ட்ராவின் ஜாவா இயக்கி. அதன் 3ஆம் வரிசை, கூகுள் வெளியிட்ட குவாவா என்னும் பொதுப்பயன் நிரலகத்தைச் சார்ந்திருந்தது. குவாவாவோ ஜாவா உலகில் ஏறத்தாழ எங்கும் நிறைந்திருப்பது. ஹடூப் 2ஆம் வரிசை குவாவா 11.0.2ஐக் கொண்டிருந்தது. ஸ்பார்க்கின் வழங்கல் தொகுதியில் 14.0.1 இருந்தது. கசான்ட்ராவின் தரவை ஸ்பார்க் கொண்டு ஆராய விரும்புபவருக்கு இம்மூன்றும் ஒரே செயல்முறைக்குள் வந்து சேரும்.

இயக்கிக்கு 16.0.1க்குக் குறையாத குவாவா தேவைப்பட்டது. காரணம் அற்பமானதன்று. குவாவாவின் பழைய பதிப்புகளில், அதன் வழுப்பதிவேட்டில் 1635 எனும் எண் தாங்கிய வழு ஒன்று இருந்தது. பொதுமை வகைகளை அடையாளங்காணும் பகுதியில் அது பிழையான விடையைத் தந்தது. கசான்ட்ராவின் தரவு வகையை ஜாவாவின் வகையாக மாற்றும் பணிக்கு இயக்கி அப்பகுதியையே நம்பியிருந்தது. எனவே இயக்கி தொடங்கும்போதே அவ்வழு உள்ளதா எனச் சோதித்து, இருப்பின் குவாவாவை உயர்த்துமாறு கூறி நின்றுவிடும். இயக்கியை எழுதியோரின் இந்த முன்யோசனை பாராட்டத்தக்கது. தவறான வகைமாற்றத்தோடு ஓடிக்கொண்டிருப்பதைவிடத் தொடக்கத்திலேயே நிற்பது மேல்.

கீழெல்லை இவ்வாறிருக்க, மேலெல்லை ஒன்றும் இருந்தது. எதிர்கால மதிப்புகளைக் கையாளும் குவாவாவின் ஃபியூச்சர்ஸ் வகுப்பில் டிரான்ஸ்ஃபார்ம் என்னும் செயற்கூறு இரு வடிவங்களில் அமைந்திருந்தது: ஒன்று எளிய சார்பை ஏற்பது, மற்றது ஒத்திசையாச் சார்பை ஏற்பது. 19ஆம் பதிப்பில் இரண்டாவது வடிவத்திற்கு டிரான்ஸ்ஃபார்ம்அசிங்க் என்னும் புதுப்பெயர் வழங்கப்பட்டது. 2016இல் வெளிவந்த 20ஆம் பதிப்பில் பழைய வடிவம் நீக்கப்பட்டது. இயக்கியின் 3ஆம் வரிசைத் தொடக்கப் பதிப்புகள் நீக்கப்பட்ட அவ்வடிவத்தையே அழைத்தன. ஆகவே அவ்வியக்கி 16.0.1 முதல் 19 வரையுள்ள இடைவெளிக்குள் மட்டுமே வாழமுடிந்தது.

குவாவா 20ஐ ஒரு திட்டத்தில் வேறொரு நிரலகம் உள்ளே கொணர்ந்தால் நிகழ்வது யாது? நிரல்பெயர்ப்பி எப்பிழையும் கூறாது. இயக்கி ஏற்கெனவே நிரல்பெயர்க்கப்பட்ட ஜார் கோப்பாக வருவதால் அதன் உட்பகுதியை நிரல்பெயர்ப்பி மீண்டும் ஆராய்வதில்லை. ஜாவா மெய்நிகர் இயந்திரமோ ஒரு செயற்கூற்றை அதன் பெயர், உள்ளீட்டு வகைகள், திருப்பித்தரும் வகை ஆகிய மூன்றும் சேர்ந்த அடையாளத்தால் தேடுகிறது. அதுவும் அவ்வழைப்பு முதன்முறை நிகழும் கணத்தில். எனவே திட்டம் தொகுக்கப்படும், தொடங்கும், அவ்வழைப்பை அடையும்வரை இயங்கவும் செய்யும். பிறகே அத்தகைய செயற்கூறு இல்லை எனக் கூறி வீழும். பிழைச்செய்தியில் வரும் டிரான்ஸ்ஃபார்ம் என்னும் பெயர் குவாவா 20இலும் இருக்கிறது என்பதே இதில் மயக்கந் தருவது. ஆவணத்தைப் புரட்டுபவர் அப்பெயரைக் கண்டு, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என எண்ணுவார். இல்லாமற்போனது பெயரன்று, உள்ளீட்டு வகை வேறுபட்ட ஒரு வடிவம் மட்டுமே.

இவ்விடத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. மேவனின் சார்பு மரக் கட்டளை குவாவா 19 தேர்வாகியுள்ளது எனக் காட்டலாம். ஆனால் நிரலை ஸ்பார்க்கிடம் ஒப்படைக்கும்போது, ஸ்பார்க் தன் வழங்கல் தொகுதியிலுள்ள 14.0.1ஐயே முதலில் ஏற்றிக்கொள்ளும். வகுப்பேற்றி இயல்பாகப் பெற்றோர் வழியை முதலில் நாடுவதே காரணம். பயனரின் கோப்புகளுக்கு முன்னுரிமை தரும் அமைப்பு ஸ்பார்க்கில் உண்டெனினும், அது சோதனைநிலை வசதி என்றே குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே சார்பு மரம் என்பது தொகுக்கும் நேரத்துக் கருத்து மட்டுமே. இயங்கும் நேரத்து உண்மை வேறாகலாம். ஐயம் எழும்போது, ஐயத்துக்குரிய வகுப்பு எந்த ஜார் கோப்பிலிருந்து ஏற்றப்பட்டது என இயங்கும் நிரலிடமே கேட்டறிவது நம்பத்தக்க வழி. மெய்நிகர் இயந்திரத்தின் வகுப்பேற்ற விவரப் பதிவை இயக்கினால் ஒவ்வொரு வகுப்பின் பிறப்பிடமும் வரிவரியாக வெளிப்படும்.

4. பெயர்மாற்றிப் பொதித்தல்

இருவருக்கு இருவேறு பதிப்பு வேண்டுமெனில், ஒருவர் தம் படியைப் பெயர்மாற்றித் தமக்குள் பொதித்துக்கொள்ளலாம். ஷேடிங் என வழங்கும் இம்முறையில், சார்பு நிரலகத்தின் வகுப்புப் பெயர்கள் அனைத்தும் இயக்கியின் பெயர்வெளிக்குள் மாற்றி எழுதப்படுகின்றன. மெய்நிகர் இயந்திரத்தின் பார்வையில் அவை தொடர்பற்ற இருவேறு நிரலகங்கள். எனவே மோதல் இல்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் ஜாவா இயக்கி, ஸ்கிராம் அடையாளச் சரிபார்ப்புக்கான துணை நிரலகத்தை இவ்வாறே பொதித்து வைத்துள்ளது. அதன் இருப்பைப் பயனர் அறியவேண்டிய தேவையே எழுவதில்லை.

கசான்ட்ரா இயக்கியின் 3ஆம் வரிசைக்கு இம்மருந்து எளிதில் பயன்படவில்லை. வினவலை ஒத்திசையாமல் இயக்கும்போது அது திருப்பித்தரும் பொருள், குவாவாவின் எதிர்கால மதிப்பு இடைமுகத்தின் வழிவந்தது. அதாவது குவாவா இயக்கியின் உட்பொருளாக அமையாமல், அதன் வெளிமுகத்திலேயே வெளிப்பட்டு நின்றது. அதனைப் பெயர்மாற்றினால் இயக்கி தரும் பொருளைப் பயனரின் நிரல் குவாவாப் பொருளாக ஏற்க இயலாது. வெளிமுகத்தில் கசியும் சார்பைப் பொதித்து மறைக்க முடியாது என்னும் இவ்வுண்மையே இயக்கி வடிவமைப்போர்க்கு இந்நிகழ்வு தரும் முதன்மைச் செய்தி எனக் கருதுகிறேன்.

3ஆம் வரிசையின் பிற்காலப் பதிப்புகளில், எக்குவாவா உள்ளது என அறிந்து அதற்கேற்ற செயற்கூற்றை அழைக்கும் இணக்க அடுக்கு சேர்க்கப்பட்டது. முழுத்தீர்வு 2019இல் வெளிவந்த 4ஆம் வரிசையில் அமைந்தது. வெளிமுகத்திலிருந்து குவாவா அகற்றப்பட்டு, ஜாவாவின் சொந்த நிறைவுநிலை இடைமுகம் அவ்விடத்தில் வைக்கப்பட்டது. உள்ளே பயன்படும் குவாவா பெயர்மாற்றிப் பொதிக்கப்பட்டது. இதற்கு விலையாகப் பழைய நிரல்கள் திருத்தி எழுதப்பட வேண்டியிருந்தன. எனினும் புதிய வரிசையின் பெயர்வெளியும் மாற்றப்பட்டமையால், 3ஆம் 4ஆம் வரிசைகளை ஒரே நிரலில் அருகருகே வைத்துச் சிறிது சிறிதாகப் பெயர முடிந்தது.

5. கருவியின் பார்வைக்கு அகப்படாதவை

பைத்தானின் சைக்கோபிஜி2 இயக்கி, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் சி மொழி நிரலகமான லிப்பிகியூவின் மீது அமைந்தது. லிப்பிகியூ மறையாக்கத்திற்கு ஓப்பன்எஸ்எஸ்எல்லைச் சார்ந்தது. இவ்விரண்டும் பைத்தான் தொகுப்புகள் அல்ல. எனவே பிப் கருவியின் கணக்கில் அவை வருவதில்லை. பிப் எல்லாம் இணக்கமே எனக் கூறும்போதும் அடித்தளத்தில் மோதல் இருக்கக்கூடும்.

2017இன் 2.7ஆம் பதிப்பில், நிறுவுதலை எளிதாக்கும் பொருட்டு லிப்பிகியூவும் லிப்எஸ்எஸ்எல்லும் உள்ளடங்கிய ஆயத்த இருமத் தொகுப்புகள் வழங்கப்பட்டன. பைத்தானின் சொந்த மறையாக்கக் கூறு கணினியிலுள்ள லிப்எஸ்எஸ்எல்லோடு இணைந்திருக்க, இயக்கி தன்னுடன் வந்த வேறொரு லிப்எஸ்எஸ்எல்லை அதே செயல்முறைக்குள் கொணர்ந்தது. பல இழைகள் ஒருங்கே இயங்கும் நிரல்களில் இவ்விரு படிகளும் மோதியதால், பைத்தானின் பிழை அறிவிப்புகூட இன்றிச் செயல்முறை முழுதும் நினைவக மீறலால் வீழ்ந்தது. இதன் விளைவாக 2018இல் 2.7.4ஆம் பதிப்போடு இருமத் தொகுப்பு தனிப்பெயரில் பிரிக்கப்பட்டது. 2.8 முதல் மூலப்பெயரில் பெரும்பாலும் மூலநிரலே வழங்கப்படுகிறது. இருமத் தொகுப்பைக் கற்கவும் சோதிக்கவும் பயன்படுத்தலாம். நிலையான பணிக்கு மூலத்திலிருந்து கட்டமைத்துக்கொள்க என்பது இயக்கியின் ஆவணம் கூறும் பரிந்துரை. இரண்டு பெயர்களையும் ஒரே சூழலில் நிறுவிவிடுவது இன்றும் காணப்படும் பிழை. இரண்டும் ஒரே அடைவில் எழுதுவதால் ஒன்றை நீக்கும்போது மற்றதும் பழுதுறும்.

வழங்கன் பக்கத்து மாற்றமும் இவ்வாறே கருவிக்குத் தெரியாதது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் 10ஆம் பதிப்பு ஸ்கிராம் சரிபார்ப்பு முறையை அறிமுகப்படுத்தியது. 2021இன் 14ஆம் பதிப்பு அதனை இயல்பு முறையாக்கியது. லிப்பிகியூ 10க்கு முந்தையதாயின், அல்லது ஜாவா இயக்கி 42.2.0க்கு முந்தையதாயின், சரிபார்ப்பு முறை 10க்கு ஆதரவில்லை என்னும் பொருளில் பிழை எழும். இவ்வெண் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் பதிப்பைக் குறிப்பதன்று. நெறிமுறையில் அச்சரிபார்ப்புக் கோரிக்கைக்கு வழங்கப்பட்ட குறியெண் தற்செயலாகப் பத்தாக அமைந்தது. வழங்கனைப் பழைய எம்டி5 முறைக்குத் திருப்பிவிடுமாறு கூறும் அறிவுரை எளிதாகக் கிடைக்கும். அது பாதுகாப்பைத் தளர்த்தி முரணை மூடுவது. இயக்கியை உயர்த்துவதே முறை.

6. பிழை எழாத முரண்: தமிழ்ப் பின்னக் குறியீடுகள்

இதுவரை கண்டவை யாவும் ஏதோவொரு வகையில் கூக்குரலிட்டு வீழ்ந்தவை. அமைதியாகத் தரவைக் கெடுப்பவையே ஆய்வாளர் அஞ்சத்தக்கவை.

தமிழின் பழங்கணக்குக் குறியீடுகளான முந்திரி, அரைக்காணி, காணி, மா முதலிய பின்னங்கள் 2019இல் ஒருங்குறி 12.0இல் தமிழ்ப் பிற்சேர்க்கை என்னும் பகுதியாக இடம்பெற்றன. வழக்கமான தமிழெழுத்துகள் யுடிஎஃப்-8 குறிமுறையில் மூன்று பைட்டுகளில் அடங்குவன. பிற்சேர்க்கைக் குறியீடுகள் அடிப்படைத் தளத்திற்கு அப்பாற்பட்டவையாதலால் நான்கு பைட்டுகளை வேண்டுவன. மைஎஸ்கியூஎல்லில் யுடிஎஃப்8 என்னும் பழைய குறித்தொகுதி மூன்று பைட்டு வரையே ஏற்கும். முழு ஒருங்குறிக்கு யுடிஎஃப்8எம்பி4 தேவை.

மைஎஸ்கியூஎல்லின் ஜாவா இயக்கியில், இணைப்பின் குறிமுறையாக யுடிஎஃப்-8 எனக் குறித்தால் அது எத்தொகுதியாகக் கொள்ளப்படும் என்பது பதிப்பைப் பொறுத்தது. 2018இல் வெளிவந்த 5.1.47, 8.0.13 ஆகிய பதிப்புகள் முதல் அது நான்கு பைட்டுத் தொகுதியாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு முந்தைய 5.1 பதிப்புகளில், வழங்கனின் இயல்புத் தொகுதி யுடிஎஃப்8எம்பி4 ஆக இருந்தாலன்றி, இணைப்பு மூன்று பைட்டு நிலையிலேயே அமையும். மைஎஸ்கியூஎல் 5.7இல் வழங்கனின் இயல்புத் தொகுதி லத்தீன்1 என்பதால் அந்நிபந்தனை தானாக நிறைவேறுவதில்லை.

இப்போது மேவனின் விதியை நினைவுகூர்க. திட்டத்தின் ஒரு கிளையில் இரண்டாம் ஆழத்தில் இயக்கி 5.1.40உம், வேறு கிளையில் மூன்றாம் ஆழத்தில் 5.1.49உம் இருப்பின், அருகிலுள்ள 5.1.40ஏ வெல்லும். அட்டவணை, நெடுவரிசை அனைத்தும் யுடிஎஃப்8எம்பி4 ஆகவே இருக்கலாம். இருந்தும் இணைப்பு மூன்று பைட்டுக்குரியது. வழங்கனில் கடுமுறைமை இயங்கினால் சர மதிப்பு தவறு என்னும் பிழை வரும். அது தளர்த்தப்பட்டிருப்பின், எச்சரிக்கை ஒன்று மட்டும் பதிவாகி, குறியீடு இருந்த இடத்தில் உரை சிதைந்தோ துண்டிக்கப்பட்டோ போகும். உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் பழுதின்றி நிற்க, நிலவரிக் கணக்கொன்றின் பின்ன அளவு மட்டும் மறைந்துபோதல் எளிதில் எவர் கண்ணிலும் படுவதன்று. இயக்கியைப் பிறகு உயர்த்துவதால் இழந்த குறியீடு மீளாது.

இதே இயக்கி 8.0.31ஆம் பதிப்பிலிருந்து மேவனில் புதிய முகவரிப் பெயருக்கு மாறியதும் கருதத்தக்கது. பெயர் வேறாயின் மேவனுக்கு அது வேறு நிரலகம். பழைய பெயரில் 8.0.30உம் புதிய பெயரில் அதற்கு மேற்பட்டதும் இருப்பின், முரண் என ஒன்று இருப்பதையே கருவி உணராது. இரு கோப்புகளும் உள்ளே வரும். எது முதலில் வரிசையில் நிற்கிறதோ அதுவே இயங்கும்.

7. தீர்க்கும் நெறி

முரணைக் கண்டறிவதே தீர்வின் பெரும்பகுதி. மேவனில் சார்பு மரத்தை விரிவாக அச்சிட்டால், கைவிடப்பட்ட பதிப்புகளும் கைவிட்ட காரணமும் தெரியும். அதனினும் நன்று, என்ஃபோர்சர் செருகியின் மேல்வரம்பு விதியைத் திட்டத்தில் சேர்ப்பது. யாரேனும் வேண்டியதைவிடத் தாழ்ந்த பதிப்பு தேர்வாயின் தொகுப்பே நின்றுவிடும். முந்தைய பகுதியில் கண்ட 5.1.40இன் வெற்றியை இவ்விதி தடுத்திருக்கும். தேர்ந்த பதிப்பைச் சார்பு மேலாண்மைப் பகுதியில் வெளிப்படையாக எழுதினால் ஆழக் கணக்கு செல்லாது. வேண்டாத கிளையை விலக்குவதும் ஒரு வழி. ஆயினும் விலக்கப்பட்ட நிரலகத்தை உள்ளே யாரும் அழைப்பதில்லை என்பதைச் சோதித்த பின்னரே அதனைச் செய்யவேண்டும். மேலே கண்டதுபோல் இல்லாத வகுப்பின் பிழை அழைப்பு நிகழும் கணத்திலன்றி வெளிப்படாது.

இயங்குவதை அப்படியே உறையவைத்தல் பலர் நாடும் வழி. அதற்கு ஒரு விலை உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஜாவா இயக்கியில் 2024இல் வெளிப்பட்ட சிவிஇ-2024-1597 என்னும் குறைபாடு, எளிய வினவல் முறையைப் பயன்படுத்தும் நிரல்களில் வினவல் திணிப்புக்கு இடமளித்தது. பதிப்பை உறையவைத்தோர் இக்குறையையும் சேர்த்தே உறையவைத்திருந்தனர். திருத்தம் 42.7.2இல் வந்ததோடு 42.6.1, 42.5.5, 42.4.4, 42.3.9, 42.2.28 எனப் பழைய கிளைகளுக்கும் வழங்கப்பட்டது. ஆகவே 42.2 வரிசையை விட்டு நகர இயலாதவரும் அக்கிளைக்குள்ளேயே கடைசி எண்ணை உயர்த்திப் பாதுகாப்புப் பெறமுடிந்தது. உறையவைப்பதாயின் கிளையை உறையவைக்கலாம். திருத்த எண்ணை உறையவைத்துவிட்டு மறந்துவிடல் ஆகாது.

ஆய்வு வெளியீட்டோடு நிரலை இணைப்போர், நேரடிச் சார்புகளின் பெயர்ப்பட்டியலைத் தருவதோடு அமைகின்றனர். மீளச்செய்வோருக்கு அது போதாது. மறைமுகச் சார்புகள் உள்பட எல்லாப் பதிப்பெண்களும் அடங்கிய பூட்டுக்கோப்பு, வழங்கனின் பதிப்பு, இணைப்புச் சரத்தில் இட்ட குறிமுறை அமைப்புகள், பைத்தானாயின் லிப்பிகியூவின் பதிப்பு ஆகியன உடன் வேண்டும். சைக்கோபிஜி2 தான் இணைந்துள்ள லிப்பிகியூவின் எண்ணைக் கேட்டால் சொல்லும். நிரலின் தொடக்கத்தில் ஒரு வரியில் அதனைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிவிடலாம். மைஎஸ்கியூஎல்லில் இணைப்பு ஏற்பட்டவுடன் இணைப்பின் குறித்தொகுதியை வினவிப் பதிவுசெய்வதும், முந்திரிக் குறியீடு ஒன்றைச் சோதனை அட்டவணையில் எழுதி மீளப் படித்து ஒப்பிடுவதும் சில வரிகளில் முடியும் பணி. இயக்கியை உயர்த்தும்போதும் புதிய சார்பொன்றைச் சேர்க்கும்போதும் இச்சோதனை மீண்டும் நடைபெறுமாறு அமைத்துவிடுவது நன்று.